கங்கைப் பாலத்தில் கூப்பிட்ட பெயர்

இந்தக் காலத்து ஜனங்கள் எதற்கெடுத்தாலும் கை தட்டுகிறார்கள் என்பது ஜம்புலிங்கத்தின் புகார். கேக் வெட்டினால் ஒரு தட்டு. மாடிவீட்டுக் குழந்தை சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றால் அதற்கு ஒரு தட்டு. ஆபீசில் ஒருத்தன் வேலையை விட்டுப் போனால்கூட வட்டமாக நின்று தட்டி அனுப்புகிறார்களாம். டில்லி சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகைக்கு முப்பத்தைந்து வருஷம் கார் ஓட்டியவர் அவர். எத்தனையோ மந்திரிகளை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வந்து இறக்கியிருக்கிறார். வண்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததற்கு ஒருவரும் கை தட்டியதில்லை. போய்ச் சேராவிட்டால்தான் பேச்சு. அதுதான் முறை என்பது அவர் கட்சி.

“செஞ்ச வேலைக்கு சம்பளம் வாங்கியாச்சுல்ல? அப்புறம் என்னாத்துக்கு விருது?” என்று காலையிலிருந்து மூன்றாம் முறையாகக் கேட்டார்.

முனிர்காவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை அவர்களுடையது. ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். விடிகாலை பெய்த மழைத்தண்ணீர் சந்தில் இன்னும் வடியவில்லை. எதிர் மாடிக்காரன் பால்கனியிலிருந்து கையை நீட்டினால் இவர்கள் வீட்டுக் கம்பியில் காயும் துண்டை எடுத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். மனைவி தங்கம் அடுப்படியில் உட்கார்ந்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிவந்த நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கா குடுக்குறாங்க? உங்க பொண்ணுக்குக் குடுக்குறாங்க. உங்களுக்கு ஏன் எரியுது?”

“எனக்கு எரியல. புரியல. இவ அப்பிடி என்னா வேலை பண்றா, நீ சொல்லு பாக்கலாம்.”

“அதான், பி.ஆரு.”

“பி.ஆருன்னா?”

“மக்கள் தொடர்பு,” என்று உள்ளறையிலிருந்து மகள் ராஜியின் குரல் வந்தது. சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, பல்லிடுக்கிலிருந்து வந்தது பேச்சு. “ஒருத்தங்க நல்லது செஞ்சா அத நாலு பேர் பேசற மாதிரி பண்றது. பேப்பர்ல வர வெக்கிறது, படம் எடுக்கிறது. அப்பா, நூறு வாட்டி சொல்லிட்டேன்.”

“நல்லது செஞ்சா நாலு பேர் தானா பேசுவான்.”

“பேச மாட்டான். பத்து வருஷமா ஒருத்தனும் பேசல. அதனாலதான் உங்க டிரஸ்ட்ல ஒரே ஒரு வண்டி ஓடிச்சு. இப்ப மூணு ஓடுது.”

பேச்சில் மடக்கிவிட்டால் ஜம்புலிங்கம் பீடிக்கட்டைத் தேடுவார். தேடினார்.

அவர் இப்போது ஓட்டுவது பிணவண்டி. ‘ஆக்ரி சாத்’ என்று ஒரு தொண்டு நிறுவனம். கடைசித் துணை என்று அர்த்தம். வைத்தியத்துக்கென்று ஊர்நாட்டிலிருந்து டில்லிப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வந்து, இங்கேயே கண்ணை மூடிவிடுகிற ஏழைபாழைகளை ஒரு பைசா வாங்காமல் அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஓய்வு பெற்ற மறுமாதம் அதில் சேர்ந்தார். ஆறு வருஷம் ஆகிறது. ஓட்டுகிற விதத்தில் அவருக்கென்று ஒழுங்கு உண்டு. ரேடியோ கிடையாது. வண்டியில் பிணம் இருக்கிறவரை பீடி கிடையாது. பெரிய ஆற்றுப் பாலம் எதுவானாலும் வேகத்தைக் குறைத்து, பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சொல்வார்: “பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பாலம் வந்துருச்சு, கூடவே வான்னு சொல்லுங்க.” தண்ணீரைக் கடக்கும்போது கூப்பிடாவிட்டால் போனவர்கள் இக்கரையிலேயே நின்றுவிடுவார்கள் என்று அவர் அம்மா சொல்லியிருந்தாள். உண்மையோ பொய்யோ, கூப்பிடுகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் அழுகை வரும். அதுவரை கல்லாக வந்தவர்கள்கூட அங்கே உடைவார்கள். அது போதும் என்று வைத்திருந்தார். வீடு திரும்பினால் கீழ்க்குழாயிலேயே குளித்துவிட்டு, அந்தக் காக்கிச் சட்டையைப் படிக்கட்டு மூலையில் ஒரு வாளியில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

இந்தப் பாலம் விஷயத்தை ஒருநாள் சோறு தின்னும்போது மகளிடம் சொன்னார். அதுதான் வினை.

ராஜி அந்தக் கம்பெனியில் வரவேற்பு மேஜையில் போனெடுக்கிற பெண்ணாகச் சேர்ந்தவள். போனில் பேசிப் பேசியே இங்கிலீஷ் பிடித்து, பத்து வருஷத்தில் தானே ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிற அளவுக்கு வந்திருந்தாள். கொண்டுவந்தது அப்பாவின் டிரஸ்டைத்தான். அதற்கு ஒரு படம் எடுத்தார்கள். எடுத்தவன் கௌஷிக். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். தமிழ் அவனுக்கு வாயில் பாதி, காதில் பாதி.

போன ஜனவரியில், விடியுமுன் ஐந்தரைக்கு வண்டி கிளம்பியது. கட் முக்தேஸ்வரில் கங்கைப் பாலம். எதிரே வருகிறவன் முகம் தெரியாத மூடுபனி. பறக்கும் கேமராவைப் பனியில் விட முடியாதென்று பத்து மணிவரை டீக்கடையில் உட்கார்த்தி வைத்தார்கள். அப்புறம் அந்தண்டையும் இந்தண்டையும் ஆறு தடவை பாலத்தைத் தாண்டச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் இருந்தது இரண்டு தலையணையும் ஒரு சுருட்டிய ரஜாய்ப் போர்வையும். மேலே வெள்ளைத்துணி.

“அங்கிள், இப்போ நீங்க கூப்பிடணும்,” என்றான் கௌஷிக், சட்டைக்காலரில் மைக்கைக் குத்திக்கொண்டே. “பாலம் வந்தாச்சு, கூட வான்னு. ஃபீலிங்கோட.”

“யாரை?”

“யாரையாவது. ம்ம்... சுனிதா. சுனிதான்னு சொல்லுங்கோ. இந்தியிலயே சொல்லிடுங்கோ, எல்லாருக்கும் புரியும்.”

“சுனிதான்னு யாரும் இல்லியே தம்பி.”

“கோயி பாத் நஹீ, பரவால்ல அங்கிள். ஆடியன்ஸுக்கு ஒரு பேரு வேணும், அவ்ளோதான்.”

கூப்பிட்டார். மகள் குளிரில் விறைத்துப்போய் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்காகக் கூப்பிட்டார்.

டில்லி திரும்பும்போது சாயங்காலம் நாலு. ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கு வாசலில் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தள்ளுபடுக்கையில் ஒரு பெண் பிணம். அதன் பாதத்தை மூடியிருந்த சால்வை நழுவ நழுவ இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். காலை ஏழு மணியிலிருந்து அப்படி இருக்கிறான் என்று காவல்காரன் சொன்னான். வண்டி வேறு வேலையாகப் போயிருக்கிறது என்று டிரஸ்டில் சொல்லிவிட்டார்களாம். படம் எடுக்கிற நாளைக்கு மட்டும் வாடகைக்கு ஒரு வண்டி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் ராஜி. டிரஸ்டில் மறந்துவிட்டார்கள். ஆள் பெயர் ராம்ஜனம், செத்துப்போனவள் அவன் பெண்டாட்டி. உ.பி.யில் ஹர்தோய் பக்கம். ஏன் லேட் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜம்புலிங்கத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். கை கூப்பினான். “பைய்யா, வந்துட்டீங்களா,” என்றான்.

அதே வண்டி, அதே பாலம். ராம்ஜனத்துக்குக் குரல் எழும்பவில்லை. ஜம்புலிங்கம்தான் கூப்பிட்டார். “ஃபூல்மதி, கங்கை வந்துருச்சும்மா, கூடவே வா.” காலையில் இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்ட வாய்க்கு, இருக்கிற ஒருத்தியைக் கூப்பிடக் கூசியது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, இவள் பின்னால் வருகிறாளா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதை ராஜியிடம் அன்றே சொன்னார். அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் படம் வெளியே போயிற்று. லட்சக்கணக்கில் பார்த்தார்கள். பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது, டிரஸ்டுக்கு எவனோ புண்ணியவான் இரண்டு வண்டி வாங்கிக் கொடுத்தான். இப்போது தொண்டு நிறுவனங்களுக்குச் செய்த மக்கள் தொடர்பு வேலைக்கென்று அந்தத் தொழிற்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்கிற பெரிய விருது. இன்று மதிய விருந்தோடு கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் ‘நிஜப் பயணத்தில் எடுத்த காட்சிகள்’ என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே ராஜியின் கையெழுத்து.

“அப்பா,” ராஜி வெளியே வந்தாள். “ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது. உங்கள யூனிஃபார்ம்லயே வரச் சொல்றாங்க.”

ஜம்புலிங்கம் பீடியை அணைத்தார். “பொணம் தூக்குற சட்டைய மாட்டிக்கினு பந்தியில குந்தணுமா? யாரு சொன்னது?”

“எங்க பாஸ், மது மேடம்.”

“உங்க மேடம் வூட்ல சாவே வுழுந்ததில்லியா? இந்த வூட்டுக்குள்ள அந்தச் சட்ட வந்திருக்கா? உன் அம்மாவக் கேளு.”

“சரி, வேணாம்ப்பா. வெள்ளச் சட்டையே போடுங்க. இன்னொண்ணு.” அவள் தரையைப் பார்த்தாள். “மேடைக்குக் கூப்டாலும் கூப்டுவாங்க. சும்மா கும்பிட்டுட்டு வந்துருங்க. அன்னிக்கு நடந்தத... அங்க பேசினா விருதும் போயிரும், வேலையும் போயிரும்.”

“அப்ப அவ காத்துக் கெடந்தது?”

தங்கம்தான் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “இந்த ஒரு நாளு அந்த வாய மூடிக்கினு இருங்க. நாப்பது வருஷமா உங்ககிட்ட நான் வேற எதையும் கேட்டதில்ல.”

“நான் எங்க பேசப்போறேன்,” என்றார். அதை வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

விருது கொடுக்கிற ஓட்டலுக்கு அப்பாவும் மகளும் மட்டும் போனார்கள். அதை அவருக்கு நன்றாகத் தெரியும். பின்பக்கத்து பார்க்கிங், டிரைவர்கள் டீ குடிக்கிற வேப்பமரத்தடி, காவலாளியின் கூண்டு, எல்லாம் அத்துப்படி. முன்வாசல் வழியாக நுழைந்தது இதுதான் முதல். உள்ளே போனதும் வெளியே இருந்த புழுக்கம் கத்தியால் வெட்டினது போல நின்றுவிட்டது. கம்பளத்தில் கால் வைத்தார், செருப்புச் சத்தம் கேட்கவில்லை. ஒரு தடவை நின்று, வேண்டுமென்றே அழுத்தி மிதித்துப் பார்த்தார். அப்போதும் கேட்கவில்லை. மேலே தொங்கிய கண்ணாடி விளக்கு அவர்கள் முனிர்கா அறையைவிட அகலம். அதைத் துடைக்கிறவன் எங்கே கால் வைத்து நிற்பான் என்று யோசித்தார்.

முந்நூறு பேர் இருப்பார்கள். வட்ட மேஜைகள். அந்த வாசலில் எத்தனை முறை கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்! இப்போது ஒருவன் அவருக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் உட்காரத் தெரியாமல் அவனையே உட்காரச் சொல்லிவிட்டார். ராஜி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னாடி இது, தயிர்சோத்த கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு மாதுளங்கொட்ட ஒண்ணு வெச்சிருக்கான்?”

“சாப்பிடுங்கப்பா.”

“பசிக்கிறவனுக்கா வெச்சிருக்கான், பாக்கறவனுக்கா?” ஆனால் தின்றார். நன்றாக இருந்தது. அவர் பொய் சொல்லமாட்டார்.

விளக்கெல்லாம் அணைந்தது. சுவர் முழுக்க ஒரு திரை. அதில் முதலில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. பனி. பனி மெல்ல விலகியது. கீழே, எவ்வளவோ கீழே, மஞ்சள் மஞ்சளாகக் கடுகு வயல். அதன் நடுவே ஈரமான சாலை, அகலமாகக் கங்கை, அதன்மேல் கோடு கிழித்தது போலப் பாலம். பாலத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை வண்டி.

அது தன் வண்டி என்று அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. இந்த ஆறு வருஷமும் அவர் அதை உள்ளேயிருந்துதான் பார்த்திருக்கிறார். கண்ணாடி, துடைப்பான், எதிரே வருகிற லாரி, பின்னால் விசும்பல். அவ்வளவுதான் அவருடைய பாதை. மேலேயிருந்து பார்த்தால் இப்படியா இருக்கும்? இத்தனை பெரிய பூமியில், இத்தனை பெரிய தண்ணீருக்கு மேல், இத்தனூண்டு வண்டி தனியாகப் போகிறதே! சாமி என்று ஒன்று இருந்து மேலேயிருந்து பார்த்தால் இதைத்தான் பார்க்குமோ? உடம்பு சிலிர்த்துவிட்டது அவருக்கு. அப்போது அவருடைய குரலே அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது: சுனிதா, கங்கை வந்துவிட்டதம்மா, கூடவே வா.

உள்ளே இருப்பது தலையணை என்று அந்த முந்நூறு பேரில் அவரோடு சேர்த்து இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். இருந்தும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்ன மாயம் இது என்று பயமாகக்கூட இருந்தது.

விளக்கு எரிந்தபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள், பட்டுக் கட்டியவர்கள், தலை நரைத்தவர்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டார்கள். ராஜி கையில் கனமான ஒரு கண்ணாடிக் கட்டியைக் கொடுத்தார்கள். தொகுத்துப் பேசிய பெண் ஜம்புலிங்கத்தின் கையில் மைக்கைத் திணித்து, “பாபுஜி, தோ ஷப்த்,” என்றாள். இரண்டு வார்த்தை.

கும்பிட்டுவிட்டு இறங்கத்தான் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். ஆனால் முந்நூறு பேர் இல்லாத ஒருத்திக்காக எழுந்து நிற்கிறார்கள். ஒன்பது மணி நேரம் காத்துக் கிடந்தவளுக்கு ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. வாய் திறந்தது. நாற்பது வருஷமாகப் பேசுகிற இந்தி அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்றோ, தமிழ்தான் வந்தது. மகளைப் பார்த்தபடியே சொன்னார்.

“எல்லாரும் எழுந்து நின்னீங்க, பெரிய மனசு. ஆனா சுனிதான்னு யாரும் கெடையாது. அந்த வண்டில தலவாணிதான் இருந்துச்சு. அன்னிக்கு நெசமா செத்துப்போயி வண்டி இல்லாம கெடந்தவ பேரு ஃபூல்மதி. அவ புருசன் பேரு ராம்ஜனம். நாங்க படம் புடிச்சிக்கினு இருந்தப்ப, காலம்பற ஏழு மணிலேந்து வாசல்ல குந்தினு இருந்தான். நீங்க நின்னதெல்லாம் அவளுக்குன்னு வெச்சுக்குங்க.”

கூட்டம் புன்னகையோடு காத்திருந்தது. யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மேடையோரத்தில் கௌஷிக்கின் முகம் மட்டும் வெளுத்தது. அந்த அளவுக்கு அவனுக்குத் தமிழ் வந்தது. மைக் இப்போது ராஜியிடம் போயிற்று. அப்பா எல்லாருக்கும் நன்றி சொல்கிறார் என்று அவள் சொல்லிவிட்டால் போதும், முடிந்தது. அவரும் அதற்குத் தலையை ஆட்டிவிடத் தயாராகத்தான் இருந்தார்.

ராஜி ஒரு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அவருக்கு அதில் பத்துக்கு இரண்டு விளங்கும். ஃபூல்மதி என்றாள். ராம்ஜனம் என்றாள். ஒன்பது மணி நேரம் என்றாள். பெரிய மனிதர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து பேசிக் கேட்டே வளர்ந்த காது அவருடையது. தவறு நடந்தால் அவர்கள் ‘நாங்கள்’ என்பார்கள். இவள் ஒவ்வொரு தடவையும் ‘நான்’ என்றாள். டிரஸ்டில் மறந்ததைக்கூட நான் மறந்தேன் என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன் என்றாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. போனெடுக்கிற பெண்ணாகப் போய், ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று ‘குட் மார்னிங்’ சொல்லிப் பழகினவள், அத்தனை கோட்டுக்காரர்களுக்கு எதிரே, தன் கையிலிருக்கிற விருதைத் தானே பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். ஜம்புலிங்கம் வாயைப் பிளந்து பார்த்தார். இவளை நானா பெற்றேன் என்று இருந்தது. அந்தக் கங்கையையும் கடுகு வயலையும் பார்த்தபோதுகூட இவ்வளவு சிலிர்க்கவில்லை.

பேசி முடித்து, கண்ணாடிக் கட்டியை நடுவர்கள் மேஜையில் வைத்தாள். பிறகு எங்கோ பின்மேஜையில் ஒருவர் தட்ட ஆரம்பித்தார். மண்டபம் முழுக்க மறுபடி எழுந்து நின்றது, முதல் தடவையைவிட பலமாக. நடுவர்களில் மூத்த அம்மாள் ஒருத்தி அந்தக் கட்டியை எடுத்து மறுபடி ராஜியின் கையிலேயே கொடுத்து, இதைப் பற்றி நாங்கள் கூடிப் பேசுவோம், இப்போதைக்கு வைத்துக்கொள் என்கிற மாதிரி தோளைத் தட்டினாள்.

ஜம்புலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பொய்க்கும் எழுந்து நிற்கிறார்கள், பொய்யை ஒப்புக்கொண்டாலும் எழுந்து நிற்கிறார்கள். இவர்களை எதில் சேர்ப்பது?

கீழே இறங்கியதும் மது மேடம் வந்தாள். சிரித்த முகம். ராஜியின் கையை அழுத்தி, “மண்டே பேசலாம்,” என்றாள். கண்ணில் சிரிப்பு இல்லை. பின்னாலேயே கௌஷிக் ஓடிவந்தான்.

“அங்கிள்! மொதல்ல நான் செத்தேன்னு நெனச்சேன். ஆனா ஹால் எப்படி ரியாக்ட் பண்ணித்து, பாத்தேளா? இத விடக்கூடாது. அடுத்த படம் இதுதான். ராம்ஜனத்தைத் தேடிண்டு ஹர்தோய் போறோம். நீங்க அவர் வாசல்ல போய் நிக்கறேள், மன்னிப்பு கேக்கறேள், அவர்...”

“அவன்?”

“அவர் என்ன பண்றாரோ, அதான் அங்கிள் படம்!”

ஜம்புலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல பையன். முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவருக்குத் திகிலாக இருந்தது. “அவன் வூட்டுக்கு நான் போவேன் தம்பி. நீ வராத,” என்றார்.

நடைவழியில் ராஜி அவரை எட்டிப் பிடித்தாள்.

“எதுக்குடி சொன்ன? நன்றி சொல்றாருன்னு முடிச்சிருக்கலாமில்ல?”

“நீங்க என்னையே பாத்துக்கினு சொன்னீங்களேப்பா.”

“வேலை போவுமா?”

“தெரியல. திங்கக்கெழம தெரியும்.” அவள் கண்ணாடிக் கட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். “போட்டோ எடுக்கணுமாம். எல்லாரும் நிக்கிறாங்க. வாங்க.”

“நீ நில்லு. ஓரமா நிக்காத, நடுவுல நில்லு.”

“நீங்க?”

“எனக்கு நாலு மணிக்கு வண்டி. பரேலிக்கு ஒரு கெழவர் போறாரு.”

வாசல் காவலாளி சலாம் வைத்து, டாக்சி கூப்பிடட்டுமா என்று இந்தியில் கேட்டான். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு வெளியே வந்தார். வெயில் வந்திருந்தது. புழுக்கம் சட்டைக்குள் இறங்கியது. அகலமான சாலை, இரண்டு பக்கமும் மழையில் குளித்த மரங்கள், தூதரகச் சுவர்கள். வண்டி மூன்றாகியிருப்பது நிஜம்தான். போன மாதம் ஒருவரையும் வாசலில் காக்க வைக்கவில்லை, அதுவும் நிஜம்தான். மகளை நினைத்தால் நெஞ்சு நிறைந்து வழிந்தது. அந்தத் திரையில் கண்டது ஜென்மத்துக்கும் மறக்காது. அவள் செய்வது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. நல்ல வேலையா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஒரு விளக்குக்கம்பம் வரை நடந்தார், அடுத்த கம்பம் வரை நடந்தார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு மணி வண்டியை நினைத்து நடையை எட்டிப் போட்டார்.